நிறைவு எனும் கடன்

ஆசிரியப் பணி அறப்பணி என்று மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கட்டும், மறுப்பார் யார்? ஆனால், அறப்பணிக்கு அழைக்கப்பட்டவர்க்கு அறமான ஊதியம் தரப்படுகிறதா என்ற கேள்வியை மட்டும் ஏனோ எவரும் எழுப்புவதில்லை!

எம்.ரெட்டியபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. விதையை மண்ணிலிட்ட உழவன் மழையை எதிர்நோக்கி நிற்கிறான். அந்த மானாவாரி வாழ்வு வயலோடு நிற்கவில்லை, தோழர்களே, கல்லூரிக்குள்ளும் நுழைந்துவிட்டது! முனைவர் பட்டம் பெற்று, அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரோடு பாடம் நடத்துபவர், ஆண்டில் 11 மாதங்களுக்கே ஊதியம் பெற்று, அடுத்த ஆணையை எதிர்நோக்கி நிற்கிறார். வகுப்பொன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று பல்கலைக் கழக மானியக் குழு 2019-இல் நெறி வகுத்தது. 2024-இல் தமிழகத்தில் அவர் பெற்றதோ மாதம் 25,000. பெயரில் கௌரவம், பையில் பாதி!

நிரந்தரப் பணியில் இருப்போர் நிலைதான் என்ன? 1966-இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில், 2024-இல் ஆசிரியரும் அலுவலரும் ஓய்வூதியரும் தமக்குரிய தொகையைக் கேட்டுப் போராட நேர்ந்தது. மழை பொய்த்தால் வானத்தை நோகலாம். ஊதியம் பொய்ப்பது இயற்கையின் செயலா? மனிதர் செய்த ஏற்பாடு; மனிதரே மாற்றக்கூடியது.

"பணமா மனநிறைவு தரும்?" என்பர் சிலர். அமெரிக்க உளவியல் அறிஞர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வும், செய்யும் வேலையும் அதற்குரிய மதிப்பும் வளர்ச்சியுமே நிறைவு தரும் என்றது. ஆனால் ஊதியமும் பாதுகாப்பும் குறைந்தால் வெறுப்பு வளரும் என்றும் அதே ஆய்வு கூறிற்று. முற்பாதியை ஓதிப் பிற்பாதியை மறைப்பது நேர்மையா?

வகுப்பறையில் ஆசிரியர் மகிழ்ச்சி காண்பது உண்மை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற வந்த பிள்ளை, ஒரு கருத்தை உணர்ந்து நிமிரும்போது அவர் உள்ளம் குளிர்கிறது. அந்த மகிழ்ச்சியைக் காட்டியே கூலியைக் குறைப்பதுதான் கொடுமை! பணியை நேசிப்பவர் விட்டுப் போகமாட்டார் என்று கணக்கிட்டுச் சுரண்டுவதற்குத் தொண்டு என்றா பெயர்?

இழப்பு அவருக்கு மட்டுமன்று. அடுத்த ஆண்டு இருப்போமா என்றறியாதவர், மூன்றாண்டுப் படிப்பில் ஒரு மாணவனை எவ்வாறு தொடர்ந்து வளர்ப்பார்? வசதியுள்ளவன் வேறிடம் தேடுவான். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்றி வேறு போக்கில்லாத சிற்றூர்ப் பிள்ளை எங்கே போவான்?

இளைஞர்களே! மனநிறைவு என்பது பணியாளரிடம் கேட்டுப் பெறும் நற்குணம் அன்று. அது மலர்வதற்கான நிலையை அமைப்பது, பணி தருவோரின் கடன். அக்கடனைத் தீர்க்காதவர்க்கு, நிறைவைப் பற்றி உபதேசம் செய்யும் உரிமை இல்லை!