இடம் மாறும் பிள்ளைக்குச் சாத்திர தானம்



ஆதிபகவன் உலகினர்க்கு உழவும் வாணிபமும் கற்பித்தருளியதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அப்பெருமான் தம் இல்லத்தில் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்த வரலாற்றை அத்துணை நினைப்பதில்லை. தந்தையே ஆசிரியர், இல்லமே பள்ளி. அத்தகைய இல்லம் நிலையாக அமையாத பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் யார் தருவது என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

திருப்பூர் நகரத்து இராயபுரம் முதலிய பகுதிகளை எண்ணிப் பாருங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் ஒற்றை அறையில் குடியிருக்கின்றன. ஆர்டர் குறைந்தால் கம்பெனி மாறும். கம்பெனி மாறினால் வீடு மாறும். வாடகை இரண்டு மாதம் நின்றாலும் வீடு மாறும். வீடு மாறுந்தோறும் பிள்ளையின் பள்ளியும் மாறுகிறது. ஒன்றரை ஷிப்டு முடித்துப் பெற்றோர் திரும்ப இரவு எட்டரை மணி ஆகிவிடும். 2011 சனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் ஊர் திரும்பினர். நொய்யலைக் காக்க எழுந்த முதல் ஆணை நியாயமானதே. ஆயினும் படிப்பாண்டின் நடுவில் பெயர்த்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை எண்ணினோர் சிலரே.

ஒரு பள்ளியை விட்டு மற்றொன்றில் சேரும்வரை உள்ள அந்த இடைவெளியே அஞ்சத்தக்கது. பன்னிரண்டு வயதுப் பெண் முதலில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பாள். பிறகு வீட்டுக்கு வரும் துணியில் பிசிறு வெட்டுவாள். அதன்பின் கைமடிக்கப் போவாள். பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுத்துள்ளது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அச்சட்டம் இடங்கொடுத்தது. பள்ளியிலேயே சேராத பிள்ளைக்குப் பள்ளி நேரம் ஏது?

நம் முனிவர்கள் இல்லம் துறந்தவர்கள். ஓரிடத்தில் தங்காமல் விகாரம் செய்பவர்கள். அவர்களும் மழைக்காலம் நான்கு மாதம் ஓரூரில் தங்குகிறார்கள். சிற்றுயிர்க்குத் தீங்கு நேராமை அதற்குக் காரணம். அத்தங்கலில்தான் நமக்கு நூற்பொருள் கேட்கும் பேறும் வாய்க்கிறது. விரும்பி ஏற்ற அலைச்சலுக்கே தங்கல் வேண்டியிருக்க, வறுமை சுமத்திய அலைச்சலுக்கு அது வேண்டாமா?

பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தோடு இணைத்துப் பேசுவது மரபு. அவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்கும் முறையைக் கணக்கிட்டே சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் கற்போரொடு பயில்வதால் மற்றொரு கால். பிறர்க்குத் தெளிய எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை. ஆறு மாதத்துக்கு ஒரு பள்ளி மாறும் பிள்ளை ஆசிரியரை இழப்பதோடு, உடன் கற்போரையும் இழக்கிறது. புதிய வகுப்பில் பாடம் எங்கே நிற்கிறது என்று கேட்கவும் அதற்குத் தோழமை இல்லை. மாலையில் அப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அமரும் நம் வீட்டுக் கல்லூரி மாணவனுக்கோ அந்த அரைப் பங்கு கிடைக்கிறது. கொடுப்பவன் மிகுதியாகப் பெறும் தானம் இது.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை நாம் காப்பியமாகப் போற்றுகிறோம். அதன் தலைவன் எங்கே பிறந்தான்? அரண்மனையை இழந்த தாய்க்குச் சுடுகாட்டில் பிறந்தான். இறந்த தன் மகவோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அவனை எடுத்து வளர்த்தான். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயோடு அவ்வீட்டுக்கு வந்த அச்சணந்திக்குச் சிறுவன் சீவகன் கொடுத்த சோற்றால் நோய் தீர்ந்தது. அவர் அவனுக்கு ஆசிரியரானார். வீடிழந்த பிள்ளை முதலில் கொடுத்தது, பிறகே பெற்றது. நாமகள் இலம்பகம் என்று முதற்பகுதிக்குப் பெயர் அமைந்ததும் அக்கல்வியாலேயே. லைன் வீட்டுப் பிள்ளையை இரங்கத்தக்கவனாக மட்டும் நோக்குவோர் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

தானம் நான்கனுள் ஆகாரம், அபயம், ஔடதம் மூன்றையும் நாம் செவ்வனே செய்கிறோம். சாத்திர தானம் மட்டும் நூல் அச்சிட்டு வழங்குதலாகவும், ஜூன் மாதம் நோட்டுப்புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதாகவும் சுருங்கிவிட்டது. திருமொழியை வழங்குவதே அதன் முதற்பொருள் என்பது உண்மை. எழுத்தறியாதவன் அத்திருமொழியை எங்ஙனம் பெறுவான்?

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன். ஞானாவரணீய வினை எவற்றால் வந்து சேர்கிறது என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அறிவை வெறுத்தல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் சொல்லாமை, கற்பார்க்கு இடையூறு செய்தல், அறிவை அவமதித்தல், அதனைக் கெடுத்தல் என்பன அவை. இடையூறு செய்தல் என்றதும் கொடியவன் ஒருவனை எண்ணிக்கொள்கிறோம். படிப்பாண்டின் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொல்பவரும், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புபவரும் நல்ல மனிதர்களாகவே இருக்கக்கூடும். வினை அதைப் பார்ப்பதில்லை. நம்மில் வாடகை வீடு உடையோர், பள்ளிப் பிள்ளை இருக்கும் குடும்பத்தை முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை எழுப்புவதில்லை என்று ஒரு நியமம் ஏற்றுக்கொள்ளலாம். சில மாத வாடகை நிலுவைக்குப் பரிக்கிரக பரிமாண விரதத்தில் இடமுண்டு.

சட்டம் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக்கூடாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்கிறது அச்சட்டம். குறை எங்கே என்றால், இதைச் சொல்லி உடன் சென்று நிற்க ஒருவர் இல்லை. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர் மாலைநேரத்தில் குடியிருப்புக்கே சென்று கற்பித்தனர். பிள்ளை இருக்குமிடத்துக்கு ஆசிரியர் போகலாம் என்பதை அது காட்டியது.

ஆர்வமுள்ளவர் பலர் உண்டு. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாதிருப்பதே குறை. ஒரு தெருவில் மூவர் கணக்குச் சொல்லிக்கொடுக்க, அடுத்த தெருவில் ஒருவரும் இல்லை. ஆகவே ஒருவர் பாடம் சொல்லாமல் குறிப்பேடு மட்டும் காக்கட்டும். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எதுவரை படித்தது, இந்தி பேசும் பிள்ளையானால் தமிழெழுத்து எதுவரை வந்தது, இனி எங்கே குடிபோகிறது என்பன அதில் இருக்கட்டும். குடும்பம் பெயரும்போது புதிய இடத்தில் உள்ள அன்பரிடம் அக்குறிப்பு போய்ச் சேரவேண்டும். பாடம் சொல்வோர் வாரம் இரு மாலை என்று ஏற்றால் அவ்விரு மாலையும் தவறலாகாது. ஆறு முதல் எட்டரை வரை, பெற்றோர் வரும்வரை. பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நம் தாய்மார் ஒருவர் உடனிருப்பது நலம். சமயம் மாறச் சொல்லும் பேச்சு அங்கே எழவே கூடாது.

பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளி நாளிலேயே கௌதம கணதரர் கேவல ஞானம் பெற்றார் என்பது நம் மரபு. திருப்பூரிலோ தீபாவளி போனஸ் வாங்கி ஊர் செல்லும் குடும்பங்களுள் பல, திரும்பி வரும்போது வேறு கம்பெனிக்கும் வேறு வீட்டுக்கும் வருகின்றன. நிர்வாண பூசை முடிந்து பத்து நாள் கழித்துக் குறிப்பேட்டோடு இருவர் அந்த லைன் வீடுகளுக்குச் சென்று, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, அப்பிள்ளை இப்போது எங்கே என்று அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.