உடம்பின் சுரப்பும் உயிரின் உடன்பாடும்

சினம், சோம்பல், அச்சம் முதலிய குணங்கள் உடம்பினுள் ஊறும் சில சாரங்களின் மிகுதி குறைவால் விளைவன என்று இக்கால உடலியல் நூலார் கூறுவர். அஃது உண்மையாயின், ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் உயிரைப் பொறுப்பாக்குதல் எங்ஙனம்? சுரப்பி செய்த குற்றத்தை உயிரின் மேல் ஏற்றுதல் முறையாமோ? செஞ்சியை அடுத்த எம் வல்லத்தில் நிகழும் சாத்திர வகுப்பில் சென்ற திங்கள் இளைஞர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் ஈண்டுச் சிறிது விரித்தெழுதப் புகுந்தேன்.

உமிழ்நீர், கண்ணீர் முதலியன குழாய் வழியே ஓரிடத்திற்குச் செல்வன. வேறு சில சுரப்பிகட்குக் குழாய் இல்லை. அவை தம் சாரத்தை நேரே குருதியிற் கலந்துவிட, அஃது உடம்பெங்கும் ஓடித் தனக்குரிய உறுப்பை அடைந்து அதனைத் தொழிற்படுத்தும். இதுபற்றி அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். இத்தகைய சாரம் ஒன்று உண்டென்பதை 1902-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் அறிஞர் இருவர் காட்டினர். சிறுகுடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்த பின்னும், அதன்கண் அமிலத்தை இட்ட அளவிலே சேய்மைக்கண் உள்ள கணையம் நீர் சுரந்தது. செய்தி குருதியின் வழியே சென்றதென்பது தெளிவாயிற்று. 1905-இல் ஸ்டார்லிங் இச்சாரங்கட்கு ‘ஹார்மோன்’ என்று பெயரிட்டார். ‘எழுப்புகின்றேன்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது.

இச்சுரப்பிகளுள் ஈண்டைக்கு வேண்டுவது, கழுத்தின் முன்புறத்தே குரல்வளையை ஒட்டி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்த தைராய்டு. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அஃது அயோடின் என்னும் பொருளைக் குருதியினின்றும் ஈர்த்துத் தைராக்சின் என்னும் சாரத்தை ஆக்கும். உடம்பின் அணுக்கள் உணவை எவ்வளவு விரைவில் எரித்து வெப்பமும் வலிமையும் ஆக்குதல் வேண்டும் என்பதை வரையறுப்பது அச்சாரமே. அது மிகின் நெஞ்சு படபடக்கும், உடல் மெலியும், சிறு சொல்லையும் தாங்காத சிடுசிடுப்பு உண்டாம். குறையின் உடல் குளிரும். நடையும் பேச்சும் தளரும். சிறுவராயின் வளர்ச்சி நிற்கும். இதனை அளவிற்படுத்துவது மூளையின் அடியில் எலும்புக் குழியொன்றில் பட்டாணி அளவாய்த் தங்கியுள்ள பிட்யூட்டரி. தைராக்சின் குறையக் குறைய, அது தைராய்டை ஏவும் தன் சாரத்தை மிகுதியாக விடும். வேண்டிய அளவு வந்தவுடன் தன் ஏவலைத் தானே குறைத்துக்கொள்ளும். செவிடன் முன் நின்று கூவுவான் குரலை உயர்த்திக்கொண்டே போதல் போல, தைராய்டு பழுதுற்றார் பெரும்பாலோர் குருதியில் அவ்வேவற்சாரம் பன்மடங்கு மிக்கிருக்கும். மருத்துவர் அதனை அளந்தே நோயைத் துணிவர்.

யானும் ஒரு செவிடன் முன் அங்ஙனம் கூவினவனே. 1991-ஆம் ஆண்டில் செஞ்சிப் பக்கத்துப் பள்ளியொன்றில் யான் தமிழாசிரியனாய் இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். ஐந்தாம் வகுப்பு வரையில் நன்கு படித்தவன் என்று பிற ஆசிரியர் கூறுவர். என்பால் வந்தபோதோ, வினவிய வினா ஆழ்ந்த கிணற்றில் வீழ்ந்த கல்லைப் போல நெடுநேரம் கழித்தே ஓசை தரும். முகம் அதைத்திருக்கும், குரல் கம்மியிருக்கும், பிற்பகலில் பலகையின்மேல் தலை சாய்த்துவிடுவான். ஈராண்டாக உயரமும் வளரவில்லை. அதனையும் யான் கருத்திற் கொண்டிலேன். பங்குனி வெயிலிலும் ஒரு துண்டைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருப்பான். ஆசிரியர் முன் போர்த்துக்கொள்ளுதல் அடக்கமின்மை என்று கருதி அதனை யான் களையச் செய்தேன். மந்தன் என்று பலர் முன்னும் பழித்தேன். ஒருநாள் பிரம்பால் அடித்தும் விட்டேன்.

மறு ஆண்டு, சுகாதார நிலையத்திற்குப் புதிதாய் வந்த மருத்துவர் ஒருவர், காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்த அப்பிள்ளையின் முகத்தையும் தோலையும் நோக்கி ஐயுற்றுப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அவன் தைராய்டு ஏறக்குறைய முற்றும் செயலற்றிருந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே திரும்பித் தன் உறுப்பொன்றை அழிக்கும் நோய் அது. நாள்தோறும் காலையில் வெறுவயிற்றில் ஒரு சிறு தைராக்சின் மாத்திரை, அவ்வளவே மருத்துவம். சில திங்களில் அவன் கண்ணில் ஒளி வந்தது. ஓராண்டில் நான்கு விரற்கடை வளர்ந்தான். ஐந்தாம் வகுப்பிற் கற்ற செய்யுட்களை என் முன் தடையின்றி ஒப்பித்தான்.

இதனைக் கேட்டவுடன் உலகாயதர் மகிழ்வர். “மாத்திரை இல்லாதபோது அறிவு இல்லை, மாத்திரை வந்தபோது அறிவு வந்தது. ஆதலின் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவிடத்துச் செம்மை தோன்றுமாறு போல, அறிவும் உடற்பொருள்களின் கூட்டத்தில் தோன்றுவதே” என்பர். அவர் கூற்று ஆராயத்தக்கது. ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே மாத்திரையை ஆயிரவர் உண்கின்றனர். ஆயிரவர்க்கும் வருவது ஒரே அறிவன்று. அவரவர் முன் அறிந்தனவே அவரவர்க்கு மீள்கின்றன. தைராக்சினுள் இருப்பது அயோடினும் பிற அணுக்களும், செய்யுள் அன்று. பதிவு மூளையில் இருந்தது என்பாராயின், இருக்க. பதிவு வேறு, அதனைத் தனதென்று உணர்வான் வேறு. அப்பிள்ளையே பின்பு, ‘அப்பொழுதெல்லாம் உறங்குவது போல் இருந்தது’ என்று கூறினான். உறக்கத்தையும் விழிப்பையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டவன் எவன்? சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உடம்பின் வேறென நிறுவி, நான்காம் சூத்திரத்தில் உயிரையும் அந்தக்கரணங்களையும் அரசனும் அமைச்சரும் போல வைத்துக் காட்டியதன் அருமை எனக்கு நூலினும் அப்பிள்ளையிடத்தே விளங்கிற்று.

செஞ்சிக் கோட்டையைக் கண்டார்க்கு இது பின்னும் எளிதின் விளங்கும். ராஜகிரியின் உச்சியை அணுகும் வழியில் மலை பிளந்து ஓர் ஆழ்ந்த பள்ளம் உளது. அதன்மேல் உள்ள பாலத்தைக் கடந்தே அப்பால் செல்லல் வேண்டும். பாலத்தை எடுத்துவிடின் மேலிருக்கும் அரசன் ஆணை கீழுள்ள நகருக்கு எட்டாது. நகரின் செய்தியும் அவன்பால் செல்லாது. அதுகொண்டு அரசன் இலன் என்பார் யார்? பாலத்தை மீள இட்டவன் அரசனைப் படைத்தான் என்பாரும் இலர். மனமும் புத்தியும் மாயையின் காரியமாகிய சடப்பொருள்கள் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அவை உணவாலும் மருந்தாலும் சுரப்பாலும் மாறுதல் கண்டு வெருளவேண்டுவது, மனத்தையே உயிரெனக் கொண்டார்க்கு உரியது, நமக்கன்று.

இவ்விடத்து ஒன்று கூறாது செல்லுதல் கூடவில்லை. நம்மவருள் சிலர், விசுத்தி என்பது தைராய்டு, ஆஞ்ஞை என்பது பிட்யூட்டரி என்று படம் வரைந்து மகிழ்கின்றனர். வேறு சிலர், உயிரின் அறிவு இச்சை செயல்களை எழுப்பும் கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்களே ஹார்மோன்கள் என்கின்றனர். எழுப்புதல் என்னும் சொல் ஒத்திருத்தல் கண்டு யானும் ஒருகால் மயங்கினேன். ஆயினும் அத்தத்துவங்கள் பூதங்களுக்கு மிக மேலாக நூல்களில் வைக்கப்பட்ட நுண்பொருள்கள். சுரப்பிகளோ அறுத்துக் கையில் ஏந்தத்தக்க தசைகள், பருவுடம்பின் பகுதிகள். ஆறாதாரங்கள் தியானத்திற்கு உரிய இடங்களேயன்றி, அறுவை மேடையில் தேடத்தக்கன அல்ல. நம் முன்னோர்க்கு அவர் கூறாத பெருமையை ஏற்றுதல் அவர்க்குப் பெருமையாகாது.

இனி, வினை என்று கூறி வாளாவிருப்பாரும் உளர். அப்பிள்ளையின் பாட்டியார், ‘அவன் தலையெழுத்து, மருந்து எதற்கு?’ என்றாராம். மருத்துவர் வந்ததும் தலையெழுத்தில் இருந்திருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணவில்லை. இமயமலைச் சாரலில் காங்கிரா பள்ளத்தாக்கில், மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவாயிருந்தமையால், ஊர் ஊராக மக்கட்குக் கழுத்தில் கழலை வீங்கியிருந்தது. இத்தகைய நிலங்களில் பிறவியிலேயே செவிடும் ஊமையும் மந்தமுமாய்ப் பிறக்கும் குழவிகளும் உண்டு. 1956-இல் தொடங்கி மருத்துவப் பேரறிஞர் வு. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அந்நாட்டை மூன்று பகுதியாக்கி, இரு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெற்றுப்பும் கொடுத்து வந்தனர். சில ஆண்டுகளில் முன்னைய இரு பகுதியிலும் கழலை பெரிதும் குறைந்தது. வெற்றுப்பு உண்ட பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பே வழங்கப்பட்டது. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டும் அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபதாண்டு வாழ்வார்க்கும் மொத்தம் நான்கு கிராமிற்கும் குறைவு. கடலுப்பில் அஃது இயல்பாகவே நிரம்ப இருக்கும் என்பது பலர் எண்ணம். மரக்காணத்து உப்பளத்து உப்பிலும் அதனைத் தனியே சேர்த்தல் வேண்டும். ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் அனைவரும் சோம்பரும் மடவருமாய் இருக்கத் தாமே துணிந்தார் என்று கூறுதல் யார்க்கும் ஒவ்வாது. வினை வருமிடத்து மருந்தும் அருளின் வழியே வரும். உப்பைக் கொடாது வினையைக் காட்டுதல் கொடாதவன் வினையாய் முடியும்.

இவ்வளவும் பிறர் குறையைப் பற்றியது. என் குறையை யான் என்னென்பது? சினம் எழுந்த அளவில், சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சாரத்தைக் குருதியிற் பாய்ச்சும். நெஞ்சு விரையும், கல்லீரல் சர்க்கரையை வெளிவிடும், தசைகள் முறுகும். அந்நாளில் என் உடம்பிலும் இவையெல்லாம் நிகழ்ந்திருக்கும். அவை என் உடன்பாட்டைக் கேட்டு நிகழ்ந்தன அல்ல. ஆயின், அடித்தவன் யான் அல்லேன், என் சுரப்பி என்று கூறிவிடலாமோ? பிரம்பு அப்பொழுது என் கையில் இல்லை. அடுத்த அறையில் அலமாரியின் மேல் இருந்தது. யான் எழுந்தேன், வாயிலைக் கடந்தேன், கையை உயர்த்தி அதனை எடுத்தேன், திரும்பி வந்தேன். அட்ரினலின் குருதியில் சில நிமிடங்களே நிற்பது. அவ்வறைக்குச் சென்று மீண்ட இருபது அடித் தொலைவில் யான் பலமுறை நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நிற்கலாம் என்பதை அறிந்தே நிற்கவில்லை. அவ்வறிதலும் இசைதலும் எச்சுரப்பியிலும் ஊறுவன அல்ல; அவை என்னுடையன.

அங்ஙனமாயின் பிறர்க்குச் சுரப்பியைக் காரணமாக்கித் தனக்கு மட்டும் உயிரைக் காரணமாக்குதல் ஓரவஞ்சனை அன்றோ என்று அவ்விளைஞர் வினவினார். அன்று யான் விடையின்றி நின்ற இடம் இதுவே. இப்பொழுது எனக்குத் தோன்றுவது இது. பிறனிடத்து யான் காண்பது அவன் முகமும் சொல்லும் செயலும். அவையனைத்தும் உடம்பின் வழி வருவன. அவன் உயிர் எவ்விடத்து இசைந்தது, எவ்விடத்து இசையவே வலியற்றிருந்தது என்பதை இறைவனன்றி யான் காண்டல் அரிது. என்னிடத்தோ, எழுந்த சினத்தையும் அதற்கு இசைந்த என்னையும் யான் வேறு வேறாக அறிகின்றேன். காணாதவிடத்துத் தீர்ப்புக் கூறாமையும், கண்டவிடத்து மறையாமையும் ஒரே நேர்மையின் இரு முகங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை முதுமை கற்பித்தது. எனக்கு நீரிழிவு வந்து ஆண்டு பல ஆயின. கனடாவில் 1921-இல் பாண்டிங், பெஸ்ட் முதலியோர் கணையத்தினின்றும் பிரித்தெடுத்து, 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஊசி வழிச் செலுத்திய இன்சுலினே யானும் இட்டுக்கொள்வது. ஒருநாள் காலையில் ஊசி இட்டுக்கொண்டு, ஏடு ஒன்றைப் பார்த்திருந்தவாறே உணவை மறந்தேன். குருதியிற் சர்க்கரை தாழ்ந்தது. என் மனைவியாரைக் கடுஞ்சொல் கூறினேனாம். சர்க்கரை நீர் கொண்டுவந்த கையையும் தட்டிவிட்டேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆண்டு அறிதலும் இல்லை, இசைதலும் இல்லை. அறிந்து செய்த வினை, அறியாது செய்த வினை என்று பெரியோர் இரண்டாகப் பகுத்தமை இதற்கும் பொருந்தும். ‘அது நீங்கள் சொன்ன சொல்லா? நோய் சொன்னது’ என்று அவ்வம்மையார் கூறிவிட்டார். அவர் கூறலாம். உணவை மறந்து ஏட்டைப் பார்த்திருந்தவன் யான் ஆதலின், என் கணக்கை யான் அங்கிருந்து தொடங்கல் வேண்டும்.

சென்ற தை மாதத்தில் அம்மாணவர் தம் மகனுடன் வல்லத்திற்கு வந்திருந்தார். இப்பொழுது நாற்பத்தைந்து வயதளவில் இருப்பார். மாத்திரையை இன்றும் காலைதோறும் உண்கின்றாராம். பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததனை அன்று எடுத்துக் கூறி, ‘தம்பி, அன்று அடித்ததற்கு என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்றேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, ‘ஐயா, அடித்தது எனக்கு நினைவில்லை. அந்த வகுப்பில் எப்பொழுதும் குளிராக இருக்கும். அதுதான் நினைவிருக்கிறது’ என்றார்.

அத்துண்டின் நிறம் எனக்கு நினைவிருக்கின்றது.