பூங்கோரை

2019 ஆகஸ்ட் 18 அன்று இரவு திருவான்மியூர், பாலவாக்கம் கடற்கரைகளில் அலை உடைந்த இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. செய்தி பரவியதும் சென்னைவாசிகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள், படம் எடுத்தார்கள், நள்ளிரவு தாண்டியும் வீடு திரும்பவில்லை. மறுமாதம் மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடா பச்சையாக மாறியது. அங்கே மீன்கள் செத்து ஒதுங்கின. இரண்டு இடத்திலும் பேசப்பட்ட பெயர் ஒன்றுதான்: நாக்டிலூகா.

அந்தப் பச்சையை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தூரத்தில் பார்த்தால் நெல் வயல் போல அழகு. கிட்டப் போனால் தண்ணீர் கொழகொழவென்று கிடக்கிறது. இரு கைகளிலும் அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனை அளவில் கண்ணாடி மாதிரி உருண்டைகள், ஊறவைத்த ஜவ்வரிசியை நூறாக உடைத்துப் போட்டதுபோல. இவைதாம் நாக்டிலூகா, ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். அதற்குள்ளே அதைவிட நுண்ணிய பச்சைப் பாசிகள் குடியிருக்கின்றன. கடலுக்கு நிறம் கொடுப்பவை அவைதாம். கையைக் கழுவிய பிறகும் வாடை போகவில்லை.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் பல வருடம் தீவோரங்களில் முங்கிக் கடல்பாசி எடுத்தவர். “இது நாங்க எடுக்குற பாசி இல்ல தம்பி, பூங்கோரை. கொஞ்ச நாள்ல போயிரும். ஆனா சும்மா போகாது” என்றார்.

சும்மா போகவில்லை என்பதை ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். பெருகிய உயிர்கள் கூட்டமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அந்த அழுகலே தின்றுவிடுகிறது. நாக்டிலூகா தன் உடலுக்குள் தேக்கிவைத்திருக்கும் அம்மோனியாவும் வெளியே வருகிறது. நீந்த முடிந்த மீன் தப்பித்துப் போகலாம். பாறையிடுக்கில் வாழ்வதும் பவளமும் எங்கே போகும்? அந்தச் செப்டம்பரில் மண்டபத்துக்கு அருகே சிங்கிள் தீவைச் சுற்றி ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதையும், பவளங்கள் மடிந்ததையும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். 2008லும் இதே வளைகுடாவில் பூங்கோரை வந்து மீன்கள் செத்தன.

பூங்கோரை புதிதல்ல, அதற்கு நம் கடலோரத்தில் பழகிய பெயர் இருப்பதே சாட்சி. காற்றும் நீரோட்டமும் அடியிலிருந்து மேலே எழும் நீரும் அதற்குக் காரணங்கள். ஆனால் உலகத்தின் கரைக்கடல்களில் இப்படிப்பட்ட பெருக்கங்களுக்குத் தீனி போடுவதில் நிலத்திலிருந்து போகும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் பெரிய பங்கு உண்டு. இதை ‘ஊட்டச்சத்து மாசு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. ஊட்டச்சத்து என்றால் நமக்குச் சத்துணவுக் கூடமும் பிள்ளைத்தாய்ச்சியும் நினைவுக்கு வரும். அது விஷமாகும் என்பதை நம்ப மனம் மறுக்கிறது. ஒருவேளை அதனால்தான் யாருக்கும் பதற்றமும் வரவில்லை.

ஒரு யூரியா மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் கட்டிய நெல் வயலில் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மிச்சம் காற்றோடும் நிலத்தடி நீரோடும் வடிகால் தண்ணீரோடும் போகிறது. விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மற்ற உரங்கள் எட்டாத விலையில் இருக்கும்போது மலிவாகக் கிடைப்பதைத்தான் அவர் தூவுவார். யூரியாவை மட்டும் மலிவாக வைத்தது அரசின் கொள்கை.

மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் சேரும் இடத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த கடற்பரப்பை 1985 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் அளந்து வருகிறார்கள். 2017இல் அது 22,720 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அதற்குத் தீனி, ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள மக்காச்சோள வயல்களின் உரம். கருங்கடலின் வடமேற்குப் பகுதியும் அப்படித்தான் செத்துக்கிடந்தது. 1990களின் தொடக்கத்தில் சோவியத் முகாம் சரிந்து, உர மானியம் நின்று, வயல்களில் உரம் குறைந்ததும் அந்தக் கடல் சில ஆண்டுகளிலேயே மூச்சுவிடத் தொடங்கியது. உழவர்கள் நொடித்துப்போனதுதான் அதற்குக் கொடுத்த விலை. அந்த விலையில் நமக்கு வேண்டாம். ஆனால் கடல் மீளும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

நம் நாட்டில் என்ன செய்தோம்? நைட்ரஜன் வயலிலிருந்து மட்டுமல்ல, நகரத்துக் கழிவுநீரோடும் போகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 2015 வரைவு விதியில் நைட்ரஜனுக்கு வரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அது இல்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்கினால் போதும், கரைந்திருப்பது எப்படியும் போகட்டும் என்று விட்டுவிட்டோம். 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இது போதாது, கடுமையான வரம்பு வேண்டும் என்றது. பூங்கோரை வந்தது அதே ஆண்டு செப்டம்பரில்.

ஆனால் கடலோரத்து மக்களுக்கு விதிகளுக்குக் குறைவே இல்லை. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. அந்த அம்மாவைப் போன்றவர்கள் தலைமுறையாகப் போய்வந்த தீவோரங்களில் கால்வைக்கக் கூடாது என்றார்கள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தொழிலுக்குப் போவதில்லை. பவளத்தைக் காக்கவும் மீனைக் காக்கவும் கேட்டதையெல்லாம் கடலை நம்பிப் பிழைப்பவர்களிடமே கேட்டிருக்கிறோம். வடிகாலின் மேல்முனையில் இருக்கும் நம்மிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இது அநியாயம்.

நெல் இலையின் பச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் யூரியா இடச் சொல்லும் இலை வண்ண அட்டை பல வருடங்களாகவே இருக்கிறது. அது ஒவ்வொரு விவசாயி கைக்கும் போய்ச் சேர வேண்டும். மற்றது நகரத்தில் இருக்கும் நம் வேலை. உங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரில் நைட்ரஜன் எவ்வளவு, அது எந்த வாய்க்காலில் விழுகிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.