அரை லோட்டா

மாசி. இன்னும் விடியவில்லை.

கூடத்தில் கயிற்றுக் கட்டில். போர்வைக்குள் அப்பாயி. போர்வை ஏறுகிறது. இறங்குகிறது. ஒரு தடவை ஏறாமல் நிற்கிறது. என் மூச்சும் நிற்கிறது.

ஏறுகிறது.

*

அடுப்படியில் மண்சட்டி. ராத்திரி ஊற்றிய தண்ணீரில் சோறு ஊறிக் கிடக்கிறது. மூடியை எடுத்ததும் புளிப்பு வாசனை. குழியடிச்சான் அரிசி. தண்ணீர் லேசாகச் சிவந்திருக்கிறது.

பிசைந்து, இறுத்து, லோட்டாவில் பாதி. ஒரு கல் உப்பு. வேதாரண்யத்து உப்பு. அடியில் போய் உட்காரும் சத்தம் கேட்கிறது.

நீச்சத்தண்ணி. இந்த வீட்டில் காலையின் பெயர் அதுதான்.

*

குழியடிச்சான் உப்பு மண்ணில் விளையும் நெல். இந்தக் கடலோரத்து நெல்.

2004 டிசம்பர் 26. கடல் வயலுக்குள் வருகிறது. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போகிறார்கள். தண்ணீர் வடிகிறது. உப்பு வடியவில்லை.

அப்பாயி வரப்பில் குந்தி, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறது. துப்புகிறது. அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும். அதற்கடுத்த மழைக்குப் பிறகும்.

அந்த நாக்கு இப்போது வெளுத்து உலர்ந்திருக்கிறது.

*

கார்த்திகையில் முழு லோட்டா. பொங்கலுக்கு முக்கால். தை கழியும்போது அரை. நேற்று நாலு ஸ்பூன்.

யாரும் எண்ணுவதாகக் காட்டிக்கொள்வதில்லை.

இன்றும் அரை லோட்டாதான் ஊற்றியிருக்கிறேன். கை அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது.

*

படுத்தபடி கொடுத்தால் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைக்கிறேன். முதுகுக்குத் தலையணை. தலையணைக்கு என் தோள்.

தோளில் எலும்பு படுகிறது. சூடாக இருக்கிறது. தலைமுடியில் பழைய தேங்காயெண்ணெய் வாசனை. மூச்சில் சின்னதாய் ஒரு சத்தம், வைக்கோல் நகர்வதுபோல.

உதட்டில் ஸ்பூன். தொண்டை அசையவில்லை.

அசைகிறது.

ஒன்று.

*

வெளியே அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பூத்திருக்கிறது. சம்பா அறுக்கும் முன்பே ஈரத்தில் தெளித்தது. தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும் போதும்.

இரண்டு.

தூரத்தில் ரயில். நீண்ட வண்டி. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியாக இருக்கும். அது போய் முடியும்வரை ஸ்பூன் காற்றிலேயே நிற்கிறது.

*

திண்ணையில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். யார் யார் வர வேண்டும். பால் என்ற சொல் காதில் விழுகிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொருவராய் வந்து வாயில் விடும் பால்.

அப்பாயிக்குப் பால் பிடிக்காது. என்றைக்குமே பிடித்ததில்லை.

எழுந்து போய்ச் சொல்லலாம்.

தோளை எடுக்க முடியாது.

*

மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12. திறந்தாலும் உடனே வராது. இது கடைமடை. மேலே இருக்கிற வயல் எல்லாம் குடித்த பிறகு மிஞ்சுவது இங்கே வரும்.

வாய்க்காலில் முதலில் சருகு வரும். பிறகு நுரை. பிறகுதான் தண்ணீர். அப்பாயி முழங்காலளவு இறங்கி, இரண்டு கையாலும் அள்ளும். முகத்தில் ஒரு கை. வாய்க்கு ஒரு கை. கலங்கலாய் இருந்தாலும் குடிக்கும்.

ஜூனுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது.

*

மூன்றாவது ஸ்பூனுக்கு உதடு திறக்கவில்லை.

போர்வைக்குள்ளிருந்து கை வருகிறது. மெதுவாக. லோட்டாவின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. பிறகு என் பக்கம் தள்ளுகிறது. தள்ளுவது தெரிகிறது. லோட்டா நகரவில்லை.

குடி. உதடு மட்டும்தான் சொல்கிறது.

*

பள்ளிக்கூடம் போகுமுன் இதே லோட்டா. அப்பாயி பாதி குடித்துவிட்டு நீட்டும். எச்சில் என்று நினைத்ததில்லை. அடியில் நாலு பருக்கை எப்போதும் கிடக்கும். மறந்து விட்டதென்று அப்போது நினைப்பு.

*

குடிக்கிறேன்.

அப்பாயி என் தொண்டையைப் பார்க்கிறது.

மேலே புளிப்பு. அடியில் போகப் போகக் கரிக்கிறது. கல் இன்னும் முழுதாகக் கரையவில்லை.