அறிகுறியும் காரணமும்: பழுது நாடுவதன் தருக்கம்

கண்ணுக்குப் புலப்படாத காரணத்தை, புலப்படும் அறிகுறியைக் கொண்டு உறுதியாக அறிய முடியுமா என்பது இந்தியத் தத்துவத்தின் பழங்கேள்விகளில் ஒன்று. நெருப்பைக் காணாமல் புகையை மட்டும் கண்டவர், அங்கே நெருப்பு உண்டு என்று எந்த உரிமையில் சொல்கிறார்? நியாய நூலாரும் பௌத்தரும் சமணரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட இந்தக் கேள்வி வாகனப் பட்டறையில் அன்றாடம் எழுகிறது. பானெட்டைத் திறந்தாலும் சிலிண்டருக்குள் நடப்பது தெரியாது. புகை, ஓசை, மணம், டேஷ்போர்டில் எரியும் ஒரு விளக்கு ஆகியவையே கையில் இருக்கும் சான்றுகள். குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிச் செல்லும் ஓர் எஸ்யூவியில் அந்தச் சான்றுகளைத் தவறாகப் படித்தால் பணம் மட்டும் வீணாவதில்லை, உயிருக்கும் ஆபத்து.

இந்தக் கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் விரிவான பழைய பாடம் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் உள்ளது. வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கும் 27ஆம் காதை, கருதல், அதாவது அனுமானம், என்னும் அளவையை மூன்றாகப் பகுக்கிறது. கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது ‘முதல்’. அது காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. ஆற்று வெள்ளத்தைக் கண்டு அது வந்த தலைப்பகுதியில் மழை பெய்தது என்பது ‘எச்சம்’. அது காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்புவது. காட்டில் ஓசை கேட்டு யானை இருப்பதை உணர்வது ‘பொது’. பட்டறையில் நடக்கும் ஆய்வு முழுவதும் இம்மூன்றுக்குள் அடங்கும். அவற்றுள் மிகுதியாகப் பயன்படுவதும் மிகுதியாக ஏமாற்றுவதும் எச்சம்.

அது ஏமாற்றும் விதத்தைக் கொச்சியின் மட்டாஞ்சேரித் தெருக்களே காட்டும். காயலை ஒட்டிய இந்தப் பகுதியில் தெருவில் நீர் நின்றால் மழை பெய்தது என்று முடிவு கட்ட முடியாது. மலையாள விருச்சிக மாதத்தில், அதாவது தமிழ்க் கார்த்திகையை ஒட்டிய நாட்களில், வானம் தெளிந்திருக்கும்போதே ஓதம் உயர்ந்து கால்வாய்கள் வழியாகத் தெருவுக்கு வரும். விருச்சிக வேலியேற்றம் என்று ஊரார் சொல்வது இதைத்தான். நியாய சூத்திரம் இதே ஐயத்தை எழுப்புகிறது: ஆற்றில் அணை கட்டினாலும் நீர் உயருமே, அப்படியானால் வெள்ளத்தைக் கொண்டு மழையை எப்படி அறிவது? அந்நூலின் உரை தரும் விடை, குற்றம் அனுமானத்தில் இல்லை, அனுமானிப்பவரிடம் உள்ளது என்பது. மழையால் பெருகிய ஆறு கலங்கி ஓடும், நுரையும் சருகும் மிதக்கும், வேகம் மிகும். அணையால் உயர்ந்த நீருக்கு அந்த அடையாளங்கள் இல்லை. அறிகுறியைப் பொதுவாகப் பார்க்காமல் அதன் தனித்தன்மையோடு பார்த்தவருக்குக் குழப்பம் வராது.

மழைநீரா ஓதநீரா என்ற வேறுபாடு வாகனத்துக்கும் பெரிது. ஓதநீர் உப்புநீர். அதில் ஓடி வந்த வண்டியில் பிரேக் டிஸ்க், சைலென்சர் இணைப்புகள், பேட்டரியின் எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட் எல்லாம் விரைவில் துருப்பிடிக்கும். சில மாதம் கழித்து எஞ்சின் மெதுவாகச் சுழன்று ஸ்டார்ட் ஆகத் திணறும், விளக்குகள் மங்கும், தொடர்பே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் சேர்ந்து எரியும். பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டுவது வழக்கம். சில நாளில் அதே திணறல் திரும்பும். இங்கே செய்ய வேண்டிய சோதனை எளியது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பாதை நன்றாக உள்ளது. அரை வோல்ட்டைத் தாண்டினால் மின்னழுத்தம் துருவில் வீணாகிறது என்று பொருள். போல்ட்டைக் கழற்றி, வயரின் முனையையும் பாடியையும் பளபளக்கத் தேய்த்து, மீண்டும் இறுக்கி, கிரீஸ் பூசினால் போதும். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையிலும் காட்டுமானால், பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் உடனே பழிக்க இடமில்லை.

புகையைப் பற்றிய பாடம் மணிமேகலையின் 29ஆம் காதையில் வருகிறது. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிக்கும் ஐந்து உறுப்பு வாதத்தில், மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். உபநயமும் நிகமனமும் அவற்றை முடித்து வைக்கும். நெருப்பில்லாத நீரில் புகையில்லை என்ற எதிர்மறைச் சான்றும் உடன் வேண்டும். அடுத்து அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றுபவற்றை, எண்ணுகிறார். அவற்றுள் ஒன்று சித்தாசித்தம்: தெரிவது நீராவியா பனியா புகையா என்ற ஐயம் தீராமலே, புகை என்று கொண்டு நெருப்பை நிறுவுவது.

டீசல் எஸ்யூவியின் சைலென்சரிலிருந்து காலையில் வெண்மையாக எழுவது எது என்ற கேள்வி இதே கேள்விதான். வண்டி சூடானதும் மறைந்தால் அது குழாயில் படிந்த ஈரம் ஆவியானது, பழுதில்லை. எஞ்சின் சூடான பின்னும் தொடர்ந்து, கண் எரியும்படி டீசல் மணம் வீசினால், எரியாத எரிபொருள். இஞ்செக்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். இனிப்பு மணத்தோடு தொடர்ந்து, கூலன்ட் வெளியே எங்கும் கசியாமலே குறைந்துகொண்டு வந்தால், ஹெட் கேஸ்கெட் மீது ஐயம் வலுக்கும். ஆயில் மூடியின் அடியில் பால் நிறப் படிவு இருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த ஊரில், பள்ளிக்கும் கடைக்குமாகச் சிறு தூரமே ஓடும் நல்ல எஞ்சினிலும் அந்தப் படிவு வரும். கூலன்ட் தொட்டியில் எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறமாறும் திரவத்தால் சோதிப்பதே ஐயத்தைத் தீர்க்கும். கறுப்புப் புகை, எரிபொருள் மிகுதியையோ காற்றுக் குறைவையோ சொல்லும். ஏர் ஃபில்டரையும் டர்போவின் ரப்பர் ஹோஸையும் முதலில் பார்ப்பது முறை. நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும்.

புகை இல்லாததும் நெருப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிக்கு உட்பட்ட டீசல் எஸ்யூவிகளில் கரித்துகளை டிபிஎஃப் என்னும் வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். அதிகமாகக் கரி உண்டாகும் எஞ்சினும் வெளியே சுத்தமாகவே தோன்றலாம். சேர்ந்த கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மட்டாஞ்சேரியின் நெரிசலான பஜார் சாலையில் ஊர்ந்து நிற்கும் பயணங்களில் அந்த வெப்பம் நிலைக்காது. வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். மேகத்தைக் கண்டு மழையைச் சொல்வதுபோல, வண்டி ஓடும் விதத்தைக் கேட்டே இந்தப் பழுதை முன்கூட்டிச் சொல்லலாம். விளக்கு எரிந்த தொடக்கத்தில், நெரிசலற்ற நெடுஞ்சாலையில் தடையின்றிச் சீராக ஓட்டினாலே பெரும்பாலும் தீரும். இங்கே காரணம் எந்த உதிரிபாகமும் அல்ல, பயன்படுத்தும் முறை.

ஓசையில் வரும் போலி அநைகாந்திகம்: ஏது ஒன்றுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் பலவற்றுக்கும் பொருந்துவது. வேகம் கூடக் கூட உயரும் முரல் ஒலி, தேய்ந்த வீல் பேரிங்குக்கும் உண்டு, சீரற்றுத் தேய்ந்த டயருக்கும் உண்டு. எனவே ஒலியை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. இடப்பக்கம் திருப்பும்போது எடை வலச் சக்கரத்தில் சாயும். அப்போது ஒலி கூடினால் வலப்பக்கப் பேரிங் மீது ஐயம் வலுக்கும். சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் பெரும்பாலும் டயரே காரணம்.

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு, அதாவது கோடு, எந்த வகைச் சான்று? வஞ்சியில் மணிமேகலைக்குக் கருதலை விளக்கிய அளவைவாதி அதை ஆகமம் என்பார், அறிந்தவர் வாக்கு என்று ஏற்பார். அறவண அடிகளோ காட்சி, கருத்து என்ற இரண்டை மட்டுமே அளவையாகக் கொண்டு, மற்றவற்றைக் கருத்தளவில் அடக்குவார். பட்டறைக்குப் பொருந்துவது அடிகளின் நிலையே. புகைவாயுவின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் அமைப்பில் ஓட்டம் குறைவு என்று வரும் பி0401 கோடு, வால்வு கெட்டது என்று சொல்லவில்லை. கணினி எதிர்பார்த்த அளவு ஓட்டம் வரவில்லை என்றே சொல்கிறது. கரி அடைத்த குழாய், கிழிந்த வேக்குவம் ஹோஸ், பொய்யளவு காட்டும் சென்சார், துருப்பிடித்த கனெக்டர் எல்லாம் அதே கோடு வரக் காரணமாகலாம். கோடு ஓர் அறிகுறி. அதையும் ஏதுவாக்கிச் சோதித்தாக வேண்டும்.

ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றி வண்டி சரியானால், எதனால் சரியானது என்பது தெரியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம்: சென்சாரை மாற்றக் கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே துரு உரசி நீங்கியிருக்கக்கூடும். ஒன்றை மட்டும் மாற்றி, அது இருக்கையில் பழுதும் அது நீங்கியதும் பழுதின்மையும் வருகின்றனவா என்று பார்த்தால்தான் பழுதுபார்ப்பு அறிவாகிறது.

ஐயத்துக்கும் எல்லை உண்டு. செயலே நடவாதபடி செய்யும் இடத்தில் ஐயம் நின்றுவிட வேண்டும் என்பது நியாய ஆசிரியர் உதயணரின் கருத்து. ஆராய்ச்சிக்காகச் செயலைத் தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு: ஏசி குளிராததை ஆற அமர ஆராயலாம். பிரேக் பெடல் ஆழமாக இறங்கினாலோ ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, காரணம் தெரியும்வரை வண்டியை நிறுத்தி வைப்பதே முறை. அங்கே ஐயமே செயலுக்குப் போதிய ஏது.

காரணம் தெரிந்த பின் செய்ய வேண்டியதை 30ஆம் காதை கூறும் சார்புத் தோற்றக் கொள்கை வகுக்கிறது: ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும், சார்பு அற்றால் அதுவும் அறும். அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும், குறையும் கூலன்ட்டை நிரப்பிக்கொண்டே இருப்பதும், விளக்கை அணைக்கப் பழுதுக் குறியீட்டை மட்டும் அழிப்பதும் காரியத்தை மறைத்துக் காரணத்தை வளர்க்கும் செயல்கள். ஃபியூஸ் போவதற்குக் காரணமான உரசிய வயரை அடையாளம் கண்டு மூடுபவர் தீ விபத்தையே தடுக்கிறார். மறைந்த காரணத்தை அறிய முடியும். அறிகுறியைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்ப்பதும், எதிர்மறைச் சான்றையும் தேடுவதும், நீக்கிப் பார்த்து உறுதி செய்வதும் அதற்கான நிபந்தனைகள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், வண்டி ஓடத் தொடங்கியிருந்தாலும், பழுது அறியப்படவில்லை.