தொலைவில் வாழ்வோருக்கும் நீதி

கண்முன் நிற்பவரைப் பற்றித் தவறாக ஒன்று சொன்னால், அவர் உடனே மறுத்துரைப்பார். காணாத இடத்தில் வாழ்பவரைப் பற்றிச் சொன்னாலோ, மறுப்பதற்கு அங்கே ஆளில்லை. சொன்னவர் சொல்லே முடிந்த முடிபாகிவிடும். புறம் பேசுதலை இஸ்லாம் இத்துணைக் கடுமையாகக் கண்டிப்பதன் நியாயங்களுள் இதுவும் ஒன்று. தனி மனிதருக்குரிய இந்த அறம், ஒரு சமுதாயத்தைப் பற்றி, ஒரு கண்டத்தைப் பற்றிப் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்துமா? இதனை ஆராயப் பெரிய நூலகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கென்று செய்யும் செயல்திட்ட ஏடுகளைப் புரட்டினாலே போதும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, தொடர் மதிப்பீட்டு முறையும் உடன் வந்தது. பாடத்தை ஒப்பிப்பதோடு நில்லாமல், பிள்ளைகள் தாமே தேடித் தொகுத்துச் செய்யும் பணிகளுக்கும் மதிப்பெண் உண்டாயிற்று. நோக்கம் நல்லதே. ஆனால் நடப்பது என்ன? எட்டாம் வகுப்புப் புவியியலில் ஆப்பிரிக்கா பாடமாக வருகிறது. கடையில் படத்தாள் வாங்கி, கைப்பேசியில் கிடைத்த வரிகளைப் பார்த்தெழுதி, ஓர் இரவுக்குள் ஒரு கண்டம் முழுவதும் அட்டையில் ஒட்டப்பட்டுவிடுகிறது. ஒரு சிங்கம், ஒரு பாலைவனம், புல் வேய்ந்த ஒரு குடிசை, விலா எலும்பு தெரியும் ஒரு குழந்தை: இவையே ஆப்பிரிக்கா!

இவற்றுள் எது பொய்? சிங்கம் அங்கே உண்டு, குடிசையும் உண்டு, பசியும் உண்டு. ஒவ்வொரு படமும் மெய்யே. ஆயினும் மெய்கள் சில சேர்ந்து ஒரு பொய்ச்சாட்சியாக முடியுமா என்பதே நம் முன் நிற்கும் வினா.

விடை காண, நிலையை மாற்றிப் பார்ப்போம். மாலி நாட்டின் பமாக்கோ நகரில் ஒரு சிறுமி நம் மூலனூரைப் பற்றி இத்தகைய ஏடு ஒன்று தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யானை, ஒரு பாம்பாட்டி, ஓர் ஓலைக் குடிசை, கையேந்தி நிற்கும் ஒரு முதியவர் ஆகிய நான்கு படங்களை அவள் ஒட்டுகிறாள். நான்கும் இந்நாட்டில் உள்ளவையே. ஆனால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் பருத்தி ஏலம் அதில் இல்லை. முருங்கைத் தோட்டங்கள் இல்லை. விடியற்காலையில் பனியன் கம்பெனி வேலைக்குப் புறப்படும் பெண்கள் இல்லை. மக்தபுக்கு ஓதப் போகும் பிள்ளைகள் இல்லை. அந்த ஏட்டைப் பார்த்து, இது நாம்தான் என்று நம்மில் எவராவது சொல்வோமா? சொல்ல மாட்டோம். எனவே ஒரு சமுதாயத்தைப் பற்றிய அறிவுக்கு உரைகல் ஒன்று கிடைத்துவிட்டது: எவரைப் பற்றி எழுதினோமோ, அவர் அதைப் பார்த்தால் அதில் தம்மைக் காண வேண்டும்.

இந்த உரைகல்லை நமக்குத் திருமறை முன்பே தந்திருக்கிறது. மனிதகுலம் சமுதாயங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று ஹுஜுராத் அத்தியாயம் போதிக்கிறது. அங்கு ஆளப்பட்டிருக்கும் வினைச்சொல், அரபு இலக்கணத்தில் 'தஃபாஉல்' என்னும் வாய்பாட்டைச் சார்ந்தது. இருதரப்பாரும் பங்குகொள்ளும் செயலையே அவ்வாய்பாடு பெரும்பாலும் குறிக்கும். ஒருவர் பார்ப்பவர், மற்றவர் பார்க்கப்படுபவர் என்ற நிலைக்கு அதில் இடமில்லை. அதே அத்தியாயத்தில் இந்த வசனத்திற்கு முன்னால் நிற்பவற்றையும் கருத வேண்டும். வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது முதலில் வருகிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்யலாகாது என்பது அடுத்து வருகிறது. வீண் சந்தேகமும் புறம் பேசுதலும் கூடாது என்பது அதன்பின் வருகிறது. இவற்றுக்குப் பிறகே ஒருவரையொருவர் அறிதல் பேசப்படுகிறது. விசாரணையும் மரியாதையும் இல்லாத இடத்தில் அறிதல் நிகழாது என்பதே இவ்வரிசையிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம் முன்னோர் இதனை நடத்திக் காட்டினர். ஹதீஸ் கலை வல்லுநர்கள், செய்தியைக் கேட்குமுன் அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று இஸ்னாதைக் கேட்டனர். அல்பீரூனி இந்தியாவைப் பற்றி எழுதத் துணிந்தபோது, முதலில் சமஸ்கிருதம் பயின்றார். 1030ஆம் ஆண்டையொட்டி எழுதிய தம் நூலில், இந்நாட்டாரின் கொள்கைகளை அவர்கள் சொல்லும்படியே எடுத்துரைக்க முயன்றார். 1352இல் மாலிக்குச் சென்ற இப்னு பதூதா, அரசர் அனுப்பிய விருந்துப் பொருளின் எளிமையைக் கண்டு சிரித்தார். அங்குள்ள வழக்கங்கள் சிலவற்றைக் குறையும் கூறினார். ஆனாலும் அம்மக்களின் நீதியுணர்வையும், வழிப்போக்கருக்கு அங்கிருந்த பாதுகாப்பையும், குர்ஆனை மனனம் செய்வதில் அவர்களுக்கிருந்த ஆர்வத்தையும் பாராட்டிப் பதிவு செய்தார். பிடிக்காதது ஒன்று இருந்தது என்பதற்காகப் பிடித்ததை அவர் மறைக்கவில்லை.

இந்த முறையில் தேடும் பிள்ளைக்கு எத்தனை செய்திகள் காத்திருக்கின்றன! மெர்க்கேட்டர் 1569இல் வகுத்த முறையில் வரைந்த உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒத்த அளவில் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவைப்போல் சுமார் 9 மடங்கு. ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்ற 54 நாடுகள் அக்கண்டத்தில் உள்ளன. வரலாற்று மேதை இப்னு கல்தூன் 1332இல் பிறந்த தூனிஸ் நகரம் அங்குதான் இருக்கிறது. மாலியின் திம்புக்துவில் அரபுக் கையெழுத்துப் பிரதிகளைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன. 2012இல் ஆயுதக் குழுக்கள் அந்நகரைப் பிடித்தபோது, பெட்டி பெட்டியாக அவற்றை மறைத்துப் பமாக்கோவுக்குக் கொண்டு சேர்த்தனர். வீட்டுப் பரணில் அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் காத்து வைத்த நம் குடும்பங்களுக்கு இந்தச் செயலின் அருமை விளங்காதா?

பருத்தியும் ஓர் உறவே. மாலி, புர்க்கினா பாசோ, பெனின் முதலிய நாடுகளில் வானம் பார்த்த பூமியில் சிறு விவசாயிகள் பருத்தி விளைவிக்கின்றனர். அந்தப் பருத்தி இந்திய நூற்பாலைகளுக்கும் வருகிறது. திருப்பூர் காதர்பேட்டைக்கு நைஜீரிய வணிகர்கள் ஆடை கொள்முதல் செய்ய வந்திருக்கின்றனர். அங்கே அப்படி ஒருவரைக் கண்டதும் நம் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம் எங்கிருந்து பிறந்தது? ஓர் இரவில் ஒட்டிய அட்டையிலிருந்து பிறந்திருக்கலாம் அன்றோ? பிள்ளைப் பருவத்தில் ஒட்டியது எளிதில் உரிந்துவிடுவதில்லை.

சிறு பிள்ளைகளின் மீது இத்துணைப் பெரிய பொறுப்பைச் சுமத்தலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிள்ளைக்குத் தெரிந்தது கொஞ்சமாக இருப்பதில் குற்றமில்லை. அந்தக் கொஞ்சத்தையே முழுமையென்று எண்ணும்படி நாம் விட்டுவிடுவதுதான் குற்றம். ஒரு கண்டம் வேண்டாம். ஒரு நாடு போதும், ஓர் ஊர் போதும். "இதை யார் சொன்னது? அந்த ஊர்க்காரர் யாராவது சொன்னதுண்டா? அந்த ஊர்ப் பிள்ளை இதைப் பார்த்தால் என்ன சொல்லும்?" என்று அத்தாவும் அம்மாவும் கேட்கும் மூன்று கேள்விகள், நூறு படங்களைவிடப் பயன் தரும். மார்க்கக் கல்வி இருக்க இதெல்லாம் எதற்கு என்போரும் உண்டு. சாட்சியத்தில் நேர்மை மார்க்கத்தின் உயிர்நாடி என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்த நேர்மைக்கு ஆப்பிரிக்காவிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம். கி.பி. 615ஆம் ஆண்டையொட்டி, மக்காவின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். குறைஷியரின் தூதர்கள் அன்பளிப்புகளோடு பின்தொடர்ந்து வந்து, அவர்கள்மீது பழி கூறி, ஒப்படைக்கும்படி வேண்டினர். நஜ்ஜாஷி மன்னர் அந்தப் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்யவில்லை. பழி கூறப்பட்டவர்களையே அழைத்தார், ஜஅஃபர் (ரலி) அவர்களின் வாய்மொழியைக் கேட்டார், பின்னரே தீர்ப்பளித்தார். பிற்காலத்தில் அவர் மறைந்த செய்தியை அறிவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கண்ணுக்கெட்டாத் தொலைவில் கிடந்த அந்த மன்னருக்காக மதீனாவில் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

நம்மைப் பற்றி நம்மிடமே கேட்ட பிறகே தீர்ப்புச் சொன்ன மண் அது. அம்மண்ணின் மக்களைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதும்போது, அந்த நீதியில் ஒரு பங்கையேனும் அவர்களுக்குத் திருப்பித் தரும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக!