வேடமும் வெளிவேடமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்ய நாட்டில் நடிகர்களின் உருவப்படம் பொறித்த தபாலட்டைகளை மக்கள் விரும்பி வாங்கினார்கள். அவற்றுள் ஒன்றைச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவர் இவான் மொஸ்க்வின். 1874இல் மொஸ்கோவில் ஒரு மணிக்கூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். படத்திலோ அவர் அரச கோலத்தில் இருக்கிறார். 1584 முதல் 1598 வரை ஆண்ட, பக்தி மிகுந்த, ஆனால் ஆளும் வலுவற்ற ஸார் மன்னன் பியோதரின் வேடம் அது. அலெக்ஸி தோல்ஸ்தோய் எழுதி 1868இல் வெளியான அந்நாடகத்தைத் தணிக்கையாளர் முப்பது ஆண்டுகள் மேடையேற விடவில்லை. 1898இல் மொஸ்கோ கலை அரங்கு அதனைக் கொண்டே தன் திரையை முதன்முதலாக விலக்கியது.

அன்பு வாசகர்களே, தொழிலாளியின் மகன் தன்னை அரசனாகக் காட்டுவது பொய்யா?

கிரேக்க மொழியில் நடிகனைக் குறித்த சொல்லே நற்செய்தியில் 'வெளிவேடக்காரர்' என்னும் கண்டனச் சொல்லாக வருகிறது. ஆகவே நடிப்பே பாவம் என்று சிலர் முடிவுகட்டுவதுண்டு. அது அவசர முடிவு. அத்தகைய தபாலட்டையில் நடிகனின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை. இரண்டு பெயர்களுள் ஒன்றை மறைக்கும்போதுதான் வேடம் பொய்யாகிறது. கோவிலில் ஒரு முகமும் கூலியாளிடம் வேறு முகமும் காட்டுபவன் அப்படி மறைக்கிறான்.

அப்படியாயின், உள்ளத்தில் உள்ளதையெல்லாம் முகத்தில் காட்டுவதுதான் வாய்மையா? நோயுற்ற பிள்ளையின் அருகில் தாய் தன் அச்சத்தை அடக்கிப் புன்னகை செய்கிறாள். அதை வெளிவேடம் என்போமா? அவள் புன்னகை பிள்ளைக்காக; வெளிவேடக்காரனின் புன்னகை தனக்காக. யாருக்காக அணிகிறோம் என்பதே அளவுகோல்.

இன்னொன்றும் உண்டு. அவ்வரங்கை நிறுவிய இருவருள் ஒருவரான ஸ்தனிஸ்லவ்ஸ்கி, வெளித்தோற்றம் மட்டும் போதாது, உள்ளத்திலும் உண்மை வேண்டும் என்று நடிகர்களை வற்புறுத்தினார். நம் வீட்டுக்கும் இது பொருந்தும். கோபக்காரத் தகப்பன் பொறுமையாகப் பேசத் தொடங்கும்போது அந்த உடை அவனுக்குப் பெரிதாகத்தான் தொங்கும். அதற்காக அவனைப் போலி என்று எள்ளி நகையாட வேண்டாம். நாள்தோறும் விடாது அணிந்தால் உள்ளம் வளர்ந்து உடைக்குப் பொருந்தும். வளர விருப்பமின்றி உடையை மட்டும் காட்டித் திரிபவனே போலி.

நாடகம் முடிந்ததும் மொஸ்க்வின் அரச உடையைக் கழற்றித் தம் சொந்தப் பெயரோடு வீடு சென்றார். தகப்பன், தாய், ஆசிரியர், குரு என்று நாமும் ஒவ்வோர் உடை தரித்திருக்கிறோம். அதைக் கழற்றும் வேளையில் எஞ்சும் பெயரைச் சொல்ல நாம் நாணுவோமா?